வாசகர் கேள்வி: திட்டுவார்கள் என்று தெரிந்தே வம்பை இழுக்கும் சாகச வீடியோக்களை ஏன் போடுகிறார்கள்?

பதில்: திட்டிக்கொண்டே பார்த்தாலும் கணக்கில் அதுவும் ஒரு பார்வைதானே! ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரர் ட்ரெவர் ஜேக்கப், 2021 நவம்பரில் கலிஃபோர்னியாவில் சிறிய விமானத்திலிருந்து குதித்து, அதை மலைக்காட்டில் விழவிட்டு, எஞ்சின் நின்றுபோன விபத்து என்று யூட்யூபில் வீடியோ போட்டார். விமானத்தில் ஏற்கெனவே கேமராக்கள், குதிக்கும்போது கையில் செல்ஃபி ஸ்டிக், முதுகில் பாராசூட் (சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் இதை வழக்கமாக மாட்டிக்கொள்வதே இல்லை). பார்த்தவர்களுக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. சரி, அத்தோடு விட்டாரா? ஒரு பர்ஸ் கம்பெனி விளம்பரத்துக்காகச் செய்த வேலையை மறைக்க, நொறுங்கிய பாகங்களை அள்ளிவந்து அழித்தார். விசாரணையைத் தடுத்ததற்காக 2023-இல் 6 மாதச் சிறை. வீடியோவுக்கு என்னவோ லட்சக்கணக்கில் பார்வைகள்.