சக்கரமும் ரூபாயும்: பழைய திருவிதாங்கூர்க் கணக்கு, கேள்வி பதில்

அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த குமரி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் உள்ள பணம், சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயங்களின் கணக்கு பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தக்கலை: அண்ணாச்சி, எங்க தாத்தா காலத்து ஒற்றி ஆதாரத்துல "பணம் 500"ன்னு இருக்கு. ரூபாயில எவ்வளவு?

முதலில் வாய்ப்பாட்டை மனதில் வையுங்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது இதைத்தான்.

உங்கள் 500 பணம் 2000 சக்கரம் ஆகிறது. திருவிதாங்கூர் ரூபாயில் அது 71 ரூபாய் 12 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயில் 70 ரூபாய் போக 5 சக்கரம் மிஞ்சும். அந்த 5 சக்கரத்தை 80 காசாக்குங்கள். ஓர் அணாவுக்கு 28½ காசு என்பதால் 2 அணாவும் 9 பைக்குச் சற்று மேலும் வரும் (12 பை ஓர் அணா). ரூபாய்க்கு 16 அணா, சக்கரத்துக்கு 16 காசு. அதனால்தான் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்ற எண்ணே அணாவுக்குக் காசாகவும் வருகிறது. மனக்கணக்குக்கு இதைவிட வசதி வேறில்லை.

இன்னும் பழைய ஓலைகளில் கலியன் பணம், அனந்தராயன் பணம் என்று பெயர் சொல்லியிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவை வேறு நாணயங்கள். ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற வாய்ப்பாடு அவற்றுக்குப் பொருந்தாது.

பாறசாலை: கணக்குப் புத்தகத்துல வெறும் "ரூபாய்"னு மட்டும் போட்டிருக்கு சார். எந்த ரூபாய்னு எப்படிக் கண்டுபிடிக்க?

எழுத்தை விட்டுவிட்டுக் கூட்டலைப் பாருங்கள். ரூபாய், சக்கரம், காசு என்று மூன்று பத்தி இருக்கும். சக்கரப் பத்தியில் 28 என்ற எண் ஓரிடத்தில் வந்தாலும் அது பிரிட்டிஷ் ரூபாய்க் கணக்குதான். திருவிதாங்கூர் ரூபாயானால் 27-ஐத் தாண்டியதும் ரூபாய்ப் பத்திக்கு ஏறியிருக்கும். 28 கண்ணில் படாவிட்டால் ஒரு மொத்தத்தைக் கூட்டிச் சரிபாருங்கள். 14 சக்கரமும் 14 சக்கரம் 8 காசும் சேர்ந்து "1 ரூபாய்" என்று சுத்தமாக முடிந்தால் பிரிட்டிஷ் ரூபாய். "1 ரூபாய் 0 சக்கரம் 8 காசு" என்றிருந்தால் திருவிதாங்கூர் ரூபாய். ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வரலாம். பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள்.

மார்த்தாண்டம்: அரைச் சக்கரத்துல என்ன பெரிய வித்தியாசம் வந்துரப் போகுது?

ஆயிரம் ரூபாய்க்கு 500 சக்கரம் வித்தியாசம், அதாவது பிரிட்டிஷ் கணக்கில் 17½ ரூபாய்க்கு மேல். சில ரூபாய்க்கு வித்தியாசம் தெரியாது. பாகப்பிரிவினைத் தொகை, சிட்டிக் (சீட்டுக்) கணக்கு என்று வரும்போது ஒரு பங்கு குறைந்ததுபோலத் தோன்றும். கணக்கெழுதியவர் தவறிவிட்டார் என்று முடிவுகட்டும் முன் இந்த அரைச் சக்கரத்தைச் சரிபார்ப்பதுதான் நியாயம்.

நாகர்கோவில்: இங்கிலாந்துப் பவுனுக்கு எத்தனை சக்கரம்?

பவுன் என்பது இங்கே நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்தின் பவுண்டு நாணயம். சக்கரம் பிரிட்டிஷ் ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது. ரூபாய் போன பக்கமெல்லாம் அதுவும் போனது. வெள்ளி விலை சரிந்ததால் 1893-ல் இந்திய அக்கசாலைகளில் (நாணயம் அடிக்கும் சாலைகளில்) தனியார் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவது நின்றது. பிறகு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைத்தபோது பவுனுக்கு 15 ரூபாய், அதாவது 427½ சக்கரம் (20 ஷில்லிங் ஒரு பவுன், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). 1927-ல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனதும் பவுன் 13⅓ ரூபாய்க்கு இறங்கியது. அதை 28½-ஆல் பெருக்கினால் மீதியில்லாமல் 380 சக்கரம். லண்டனில் பவுனுக்கு விற்று, உள்ளூரில் சக்கரத்தில் கூலி கொடுத்த தோட்ட முதலாளிக்குப் பவுனுக்கு 47½ சக்கரம் குறைந்தது.

செங்கோட்டை: 2 சக்கரம் அஞ்சல் தலையில "ஒரு அணா"ன்னு மேல அச்சடிச்சிருக்கே. அப்போ அணாவுக்கு 2 சக்கரமா?

இல்லை. அணாவுக்கு 1 சக்கரம் 12½ காசுதான். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, கையிருப்பில் இருந்த தலைகளுக்கே புது விலை அச்சடித்தார்கள். 4 சக்கரத் தலை 2 அணா ஆனது. 7 சக்கரத் தலை 3 அணா. மாற்று விகிதப்படி ஏறத்தாழ 4 அணா வந்திருக்க வேண்டும். 14 சக்கரத் தலை 6 அணாதான். அந்த எண்களை வைத்து நாணய மாற்று விகிதம் கணக்கிட்டால் தலைக்குத் தலை வேறு விடை வரும். நாணயம் சேர்ப்பவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

சித்தூர்: எங்க பக்கமும் தனிக் காசு இருந்ததா ஐயா?

சித்தூரும் நெல்லூரும் அன்று சென்னை மாகாணம்; பிரிட்டிஷ் ரூபாய் மட்டுமே. ஹாலி சிக்கா என்ற தனி ரூபாய் நிஜாமின் ஹைதராபாத்தில். அதன் விகிதம் 7 ஹாலி சிக்காவுக்கு 6 பிரிட்டிஷ் ரூபாய்.

களியக்காவிளை: வளைகுடாவுல நம்ம ரூபாயே ஓடினதா மாமா சொல்லுவாங்க. உண்மையா?

உண்மை. தங்கக் கடத்தலில் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-ல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லும் தனி நோட்டை வெளியிட்டது. நிறம் வேறு, வரிசை எண்ணில் 'இசட்' எழுத்து, மதிப்பு மட்டும் இந்திய ரூபாய்க்குச் சமம். 1961-ல் குவைத் தன் தினாரை ஒரு பவுனுக்குச் சமமாக்கி, 13⅓ ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தது. மேலே சொன்ன அதே 1927 விகிதம்தான். 1949-ல் பவுனும் ரூபாயும் சேர்ந்தே இறங்கியதால் அது மாறவில்லை.

1966 ஜூன் 6-ல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்கும், பவுன் 21 ரூபாய்க்கும் ஏறின. சமமதிப்பு நோட்டை வைத்திருந்த கத்தாரும் துபாயும் அந்த ஆண்டே சொந்த ரியாலுக்கு மாறின. அதனால் மாமா அனுப்பிய பணத்தைக் கணக்கிடும்போது ரசீது 1966 ஜூனுக்கு முன்னதா பின்னதா என்று முதலில் பாருங்கள்.

குளச்சல்: ஆதாரத்துல கொல்லம் ஆண்டு 1112. இன்னைக்கு அந்தத் தொகை எவ்வளவு பெறும்?

ஆங்கில ஆண்டு வர, ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. உங்களுடையது 1936 ஆகஸ்டுக்கும் 1937 ஆகஸ்டுக்கும் இடைப்பட்டது. 28½ உங்களை அந்தக் காலத்து ரூபாய் வரைதான் கொண்டுசேர்க்கும். 1957 ஏப்ரல் 1-ன் நூறு பைசா ரூபாயில் ஒரு சக்கரம் ஏறக்குறைய 3½ பைசா. இன்றைய மதிப்பு வேண்டுமானால் அதே ஆண்டின் பாட்டச்சீட்டில் (குத்தகைப் பத்திரத்தில்) நெல் விலை இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தத் தொகைக்கு எத்தனை கோட்டை (பழைய நெல் அளவை) நெல் கிடைத்திருக்கும் என்று பார்த்து, இன்றைய நெல் விலையால் பெருக்குங்கள்.