பாஞ்சோ யார் வீட்டுச் சொத்து?

கேள்வி: 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற அமெரிக்க நாட்டுப்புறக் குழுவைக் கேட்டேன். பாஞ்சோவும் பிடிலும் வெள்ளைக்காரக் கிராமத்தாரின் வாத்தியங்கள். அவற்றைக் கறுப்பின இளைஞர்கள் மூவர் வாசித்தார்கள் என்ற ஒரே புதுமைக்காகத்தானே கிராமி கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கேள்வி இரண்டாவது வரியிலேயே கால் தடுக்கி விழுந்துவிட்டது, ஐயா. பிடிலை விடுங்கள், அது ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனால் பாஞ்சோ? ஐந்து கம்பி பாஞ்சோ ஒன்றைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். நான்கு கம்பிகள் உச்சிவரை போகும்; ஐந்தாவது மட்டும் பாதிக் கழுத்திலேயே, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பிருடையில் நின்றுவிடும். அந்தக் குட்டைக் கம்பிக்குக் கட்டைவிரல்தான் காவல், ஒரே சுருதி, விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற வாத்தியத்திலும் இதே குட்டைக் கம்பி, இதே கட்டைவிரல் வேலை. குடுக்கைக்குத் தோல் போர்த்திய உடம்பு. பாஞ்சோவின் பூர்வீகம் அந்தக் குடும்பம்தான். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் நினைவிலிருந்து செய்துகொண்ட வாத்தியம் அது.

அப்புறம் எப்படி அது வெள்ளைக்காரச் சொத்தானது என்று கேட்டிருந்தால், அது நல்ல கேள்வி. 1840-களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்து மேடையில் பாஞ்சோ வாசித்துக் காசு பார்த்தார்கள். அந்த அவமானம் ஒட்டிக்கொண்டதால் பல கறுப்பர்கள் வாத்தியத்தைத் தொடவே கூசினார்கள். 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்து, கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' என்று கடையையே இரண்டாகப் பிரித்தன. கறுப்பர் என்றால் புளூஸ் என்ற பாட்டு வகைதான். பிடிலும் பாஞ்சோவுமாக வந்தவர்களைப் பெரும்பாலும் பதிவே செய்யவில்லை. இன்று நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்காரன் போட்ட கோட்டையே கொஞ்சம் அழுத்தி வரைகிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, குழுவுக்கு வருகிறேன். 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் என்ற மலையூரில் கறுப்பின பாஞ்சோக்காரர்களுக்காக ஒரு கூடுகை நடந்தது. அங்கேதான் ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் ஒன்று சேர்ந்தார்கள். கிடன்ஸ் ஓபரா படித்தவர். ஃபிளெமன்ஸ் அரிசோனாவிலிருந்து வந்தவர். அங்கிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு ஓடவில்லை. மெபேன் என்ற சின்ன ஊரில் ஜோ தாம்சன் என்று ஒரு பிடில்காரர் இருந்தார். 1918-இல் பிறந்தவர், நாற்காலி மேஜை செய்யும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர், பீட்மான்ட் என்ற அந்த மலையடிவாரப் பகுதியின் கறுப்பர் பாணியைக் குடும்பத்தில் கற்று வைத்திருந்த கடைசிச் சிலரில் ஒருவர். வியாழக்கிழமை இரவானால் மூவரும் அவர் வீட்டில். நொட்டேஷன் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. பெரியவர் பிடிலை எடுத்து வாசிப்பார், இவர்கள் கூடவே வாசித்துக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பாணியில் வேகத்தைப் பிடித்து இழுத்துப் போவது பாஞ்சோ. பிடில் அதன்மேல் சவாரி செய்யும்.

புதுமைக்காகக் கைதட்டியவர்கள் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவு திறந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கைதட்டு எத்தனை நாளுக்குத் தாங்கும்? 2010-இல் நான்சச் கம்பெனி வெளியிட்ட 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஜோ தாம்சனிடம் கற்ற மெட்டுக்குப் பக்கத்திலேயே 2001-இல் வந்த ஓர் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) ஹிட் பாட்டைப் பிடில், பாஞ்சோ, வாயால் போடும் தாளம் என்று பிரித்துப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மியூசியத்தில் வைக்கிற இசையைச் செய்கிறவர்கள் இப்படி விளையாட மாட்டார்கள். (அந்த ஒரு பாட்டுக்காகவே எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் பக்கம் கட்டும் வேலை நின்றது, நிர்வாகத்திடம் சொல்லிவிடாதீர்கள்.)

2011-இல் சிறந்த பாரம்பரிய நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. அதே வருடம் ராபின்சன் விலகினார், கொஞ்ச காலத்தில் ஃபிளெமன்ஸும் போய்விட்டார். 2024-இல் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்ட் எம்' உலகமெல்லாம் ஓடியதே, அதன் தொடக்கத்தில் பாஞ்சோ வாசித்தது கிடன்ஸ்தான். நீங்களும் கேட்டிருப்பீர்கள், யாரோ டெக்சஸ் மாட்டுக்காரர் என்று நினைத்திருப்பீர்கள்.

கிராமி வந்தபோது ஜோ தாம்சனுக்கு 92 வயது. அடுத்த வருடம் பிப்ரவரியில் காலமானார். 2025-இல் கிடன்ஸும் ராபின்சனும் மறுபடி சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார்கள், பாஞ்சோவும் பிடிலும் மட்டும்.