அடியில் 1526 என்று இருந்தால் அது வருஷம் இல்லை

டோர்ட்முண்டில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார். பக்கத்து வீட்டு அம்மையார் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது மூடியோடு கூடிய அரை லிட்டர் பீர் குவளை ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குள்ளர்கள் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி படம். அடியில் பச்சை மையில் இறக்கைத் தொப்பி போட்ட ஒரு தலை, அதன் கீழே வில்லெராய் அண்டு போக், மெட்லாக் என்று எழுத்து, களிமண்ணிலேயே குழித்த 1526, ஓரமாகச் சின்னதாக 98. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "ஐந்நூறு வருஷத்துப் பொருள், 120 யூரோ கொடுங்கள், சான்றிதழ் எடுத்துத் தருகிறேன்" என்றாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

1526 என்பது வடிவ எண். மெட்லாக் தொழிற்சாலையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு, அதை ஈரக் களிமண்ணில் குத்திவிடுவார்கள். 1526 அங்கே வெகு சாதாரணமான வடிவம். அதே உடம்பில் விதவிதமான படங்களை ஒட்டி, மேலே கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுட்டு விற்றிருக்கிறார்கள். படத்துக்குத் தனி எண், அது மையில் அச்சாகியிருக்கும், நன்றாகப் பாருங்கள், உங்கள் குவளையிலும் இருக்கும். 1909 என்றும் ஒரு வடிவம் இருக்கிறது, அதையும் வருஷம் என்று நம்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குவளையின் வயதைச் சொல்வது அந்தச் சின்ன 98தான், அதாவது 1898.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வாய்ப் பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடும் 1/2 எல் என்ற குறியும் இருக்கிறதா? லிட்டர் என்ற அளவே பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1795-இல் வந்தது. ஜெர்மனி அதை 1872-இல்தான் முறையாக ஏற்றது. மதுக்கடைக் குவளைகளில் அளவுக்கோடு கட்டாயம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது 1884 ஜனவரி 1-இல். 1526-இல் வாழ்ந்த குயவன் லிட்டர் கணக்கில் கோடு போட்டான் என்று அந்த ஆள் சொல்கிறார், அதற்குச் சான்றிதழ் வேறு.

செய்தவர் யார் என்பதில் உங்களுக்குச் சிக்கலே இல்லை. மெட்லாக் ஸார் நதிக்கரை ஊர், அங்கே பழைய பெனடிக்டைன் மடத்தை 1809-இல் வாங்கி போக் குடும்பம் பீங்கான் ஆலை வைத்தது, 1836-இல் வில்லெராயோடு சேர்ந்தார்கள். இறக்கைத் தொப்பித் தலை ரோமானியக் கடவுள் மெர்க்குரி, அச்சுப்படக் குவளைகளில் வரும் முத்திரை. கோடு கோடாகச் செதுக்கி நிறம் நிரப்பிய உசத்தி ரகத்தில் கோபுர முத்திரை குழித்திருக்கும். படத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போனால் அச்சுப்படம், கோடு தட்டினால் செதுக்கியது. செதுக்கியதற்குத்தான் பொதுவாக விலை அதிகம். உங்களுடையது வழுக்கும்.

அதே நிறுவனத்தின் இன்றைய முத்திரையில் 1748 என்று இருக்கும். அது அவர்கள் தொழில் தொடங்கிய வருஷம். போன வருஷம் வாங்கிய சூப் கிண்ணத்திலும் அதே 1748தான். அதேபோல கிரீடத்துக்குக் கீழே ஹெச்பி என்று இருந்தால் அது மியூனிக் ஹோஃப்ப்ராய்ஹவுஸ், பீர் விற்றவர் பெயர், குவளை செய்தவர் பெயர் அல்ல.

இன்னொன்று, இதை இழுத்தே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் விழுகிறார்கள். "ஜெர்மனி என்று எழுதவில்லையா, அப்படியானால் 1891-க்கு முன்னால் செய்தது" என்பார்கள். 1890-இல் அமெரிக்கா, 1891 முதல் அமலாகும்படி, ஒரு சுங்கச் சட்டம் போட்டது, அங்கே இறக்குமதியாகும் சரக்கில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்று. அது அமெரிக்காவுக்குப் போகிற சரக்குக்கு. கொலோனில் செய்து கொலோனிலேயே விற்ற குவளையில் யாருக்காக ஜெர்மனி என்று எழுதுவான்? 1905-இல் செய்ததிலும் இருக்காது, 1930-இல் செய்ததிலும் இல்லாமல் போகலாம். பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது, மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்குப் பிந்தையது, அவ்வளவுதான். பெயர் இல்லாததை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒன்றுமே எழுதாத அடிப்பாகத்தைக் காட்டி "பார்த்தீர்களா, எவ்வளவு பழசு" என்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் வல்லுநர் என்று பொருள்படும் ஸாக்ஃபெர்ஷ்டெண்டிகர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. நாளைக் காலை நீங்களே கார்டு அடித்துக்கொள்ளலாம். அரசு அங்கீகாரத்தோடு நியமித்து, உறுதிமொழி வாங்கப்பட்டவர்கள் என்று ஒரு வகை உண்டு, அந்தப் பெயருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ரொட்டி சுடக் கடை வைக்கச் சான்று கேட்கிற நாட்டில் இதைக் கேட்பாரில்லை. சரி, அங்கீகாரம் பெற்றவரிடமே போகலாமா என்றால், இந்தக் குவளைக்கு அது தேவையில்லை. வடிவ எண், பட எண் இரண்டையும் சேகரிப்பாளர்களின் பட்டியலில் பார்த்தால் போதும்.

விலையை மூடியும் பாதிக்கும். வெள்ளீயப் பட்டை கைப்பிடியைச் சுற்றிப் போகும் இடத்தில் பற்றவைத்தது புதுசாகப் பளபளத்தால், அல்லது மூடி விளிம்பில் சரியாக உட்காராமல் ஆடினால், அது வேறு குவளையின் மூடியாக இருக்கலாம். அப்புறம் விரல் கணுவால் உடம்பைத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ விரிசல், வெளிச்சத்தில் பிடித்துத் தேடுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தச் சாம்பல் நிறத்தைத்தான் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள்.