உள்நாட்டுப் போருக்கு வறுமைதான் காரணமா? அந்தப் போர் ஓர் ஊரின் பொருளாதாரத்தை என்ன செய்கிறது?

வறுமைதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரம ஏழை ஊர்கள் எத்தனையோ அமைதியாகத்தான் இருக்கின்றன. நான் பார்ப்பது வேறு கணக்கு: அங்கே ஒரு நாள் உழைத்தால் என்ன கூலி, துப்பாக்கி தூக்கினால் என்ன கிடைக்கும்?

கொலம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் பிற்பகுதியில் காபி விலை சரிந்தபோது காபி விளையும் வட்டாரங்களில் வன்முறை கூடியது. காபி பறிக்க நிறைய ஆள் வேண்டும். விலை விழுந்தால் கூலியும் விழும், வேலையில்லாத பையன்களை ஆயுதக் குழுக்கள் சுலபமாக இழுத்துக்கொள்ளும். சரி, விலை ஏறினால் அமைதி வருமா? கச்சா எண்ணெய் எடுக்கும் வட்டாரங்களில் நேர்மாறாக நடந்தது. எண்ணெய்க்கு ஆள் அதிகம் வேண்டாம். விலை ஏறினால் உள்ளூர் நிர்வாகத்துக்கு வரும் ராயல்டிதான், அதாவது எண்ணெய் வருமானத்தில் கிடைக்கும் பங்குதான், பெருகும். அதைப் பிடுங்க ஆயுதக் குழுக்கள் வந்து நின்றன. துபே, வர்காஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இது.

விளைவுகளில் இடிந்த பாலமும் எரிந்த கடையும் கண்ணுக்குத் தெரியும். விவசாயியின் மனக்கணக்கு தெரியாது. சந்தைக்குப் போகும் வழியில் நாலு இடத்தில் மறிப்பு, ஒவ்வொன்றிலும் 'வரி'. நாலாவதைத் தாண்டும்போது லாபம் என்று எதுவும் மிஞ்சாது. மாடு இருந்தால் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஊரே ஒரே வாரத்தில் விற்றால் என்ன விலை வரும்? ஆப்பிரிக்காவில் பல இடங்களில் மரவள்ளிக்கு மாறினார்கள். தானியத்தைச் சேர்த்து வைத்தால் கொள்ளை போகும். கிழங்கோ மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தோண்டி எடுக்க எந்தப் படைக்கும் பொறுமை கிடையாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஊர் முழுக்க இப்படி வயிற்றுக்கு மட்டும் பயிரிட்டால் வியாபாரி ஏன் வரப்போகிறார்? அப்புறம் சண்டை ஓய்ந்தாலும் அவர் உடனே திரும்புவதில்லை.

நிலத் தகராறு இன்னும் மோசம். ஓடிப்போனவர் திரும்பி வரும்போது வேறொருவர் உழுதுகொண்டிருப்பார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் பத்திரம் ஏது? அதனால்தான் கொலம்பியாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், நிரூபிக்கும் பொறுப்பைத் துரத்தப்பட்டவர் தலையிலிருந்து எடுத்து, அவரை எதிர்த்து வழக்காடுபவர் மேல் போட்டது. இப்போது உழுபவரும் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஏழையாக இருந்துவிட்டால், நீதிபதிக்குத் தலைவலிதான்.