சத்தம் போடுகிறவர்களுக்கே முதல் பணமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் நான். சம்பளம் 48,000, மனைவி தையலில் 9,000 வரை சம்பாதிக்கிறார். 6 வருடம் முன்பு வாங்கிய 24 லட்சம் வீட்டுக் கடனுக்கு மாதம் 21,600. மச்சினன் கடைக்காக என் பெயரில் எடுத்த பர்சனல் லோனுக்கு 14,200, ஆப் கடன்களுக்கு 8,000, கிரெடிட் கார்டு மினிமம் 4,500. இரண்டு மாதமாக வீட்டுத் தவணை கட்டவில்லை. வங்கி அனுப்பிய பதிவுத் தபாலைப் பயத்தில் வாங்காமல் திருப்பிவிட்டேன். எல்லாக் கடனையும் வீட்டின் மேல் ஒன்றாக்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். வீடு போய்விடுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இப்போதைக்குப் போகாது. ஆனால் நீங்கள் கட்டும் வரிசை தலைகீழ். தினமும் போன் செய்து மிரட்டுகிறவர்களுக்கு 26,700 ரூபாய் தவறாமல் போகிறது. அவர்களிடம் உங்கள் சொத்து எதுவும் அடமானம் இல்லை; வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமல் உங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாது. கோர்ட் தீர்ப்பே இல்லாமல் வீட்டை எடுக்க முடிந்த ஒரே ஆள் உங்கள் வங்கி. அது சத்தம் போடவில்லை என்பதற்காக அதைக் கடைசியில் தள்ளியிருக்கிறீர்கள்.

பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சர்ஃபேசி சட்டம், 2002-ன் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும். முழுக் கடனையும் கட்ட 60 நாள். தபாலைத் திருப்பினால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாங்கிப் படித்து எழுத்தில் பதில் கொடுத்தால் வங்கி 15 நாளில் மறுமொழி தர வேண்டும். அப்புறமும் வீட்டைச் சுவாதீனம் எடுத்தால், 45 நாளுக்குள் கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் முடிந்தது.

நீங்கள் இன்னும் அந்த 90 நாளைத் தொடவில்லை. இந்த வாரமே ஒரு தவணையாவது கட்டுங்கள். அது பழைய பாக்கியில் வரவாகி, நாள் கணக்கு பின்னால் போகும். வாராக்கடன் ஆன பிறகு என்றால் மொத்த பாக்கியையும் தீர்த்தால்தான் கணக்கு சீராகும். அப்படியே கிளை மேலாளரைப் பார்த்து, தவணைக் காலத்தை நீட்டக் கேட்டு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மீதி அசல் சுமார் 20.6 லட்சம் இருக்கும். 9% வட்டியில் மீண்டும் 20 வருடமாக்கினால் மாதம் 18,500 சொச்சம். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் பதிவாகும், ஆகட்டும்.

ஏஜென்ட் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சில்லறைக் கடன்கள் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12% வட்டியில் 15 வருடம் என்றால் மாதம் 7,200தான், கேட்க இனிக்கும். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 13 லட்சம். அதைவிட மோசம், இன்று வீட்டைத் தொட முடியாத மச்சினன் கடனுக்கும் வீட்டையே பிணையாக்குகிறீர்கள்.

இனி முக்கியமான கணக்கு. வருமானம் 57,000. தவணைகள் 48,300, வீட்டுச் செலவு 22,000 என்றால் மாதம் 13,300 துண்டு விழுகிறது. மச்சினன் கடன் 14,200. அவர் தன் தவணையைத் தானே கட்டினால் துண்டே இல்லை! அவருக்காகத்தான் உங்கள் வீடு ஆட்டம் காண்கிறது.

கையெழுத்து உங்களுடையது, எனவே வங்கி உங்களைத்தான் கேட்கும். ஆனால் கடைக்கு வாங்கிய வண்டி, சரக்கு ஏதாவது அவரிடம் இருக்குமே. குட்டி யானை மாதிரி சரக்கு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தால் விற்கச் சொல்லுங்கள். கையில் வாங்காதீர்கள், நேராக லோன் கணக்கில் போகட்டும். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை உங்கள் மனைவியே தம்பியிடம் பேசட்டும், நீங்கள் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

வீட்டில் நகை இருந்தால் விற்று ஆப் கடன்களை முடியுங்கள். அடகு வைத்தால் அது இன்னொரு கடன். கிரெடிட் கார்டைத் தேய்க்காமல் வையுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல்காரர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 6 மாதத்தில் கணக்கு நேராகவில்லை என்றால், வங்கியிடம் சொல்லிவிட்டு நீங்களே வீட்டுக்கு ஆள் பாருங்கள். ஏலத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும், கடன் போக மீதியும் உங்கள் கைக்கு வரும்.