வாய் கோணாது, தம்பி

கேள்வி: எனக்கு 23 வயது. ஹோட்டலில் வேலை. கீழ்க் கடைவாயில் ஞானப்பல் பாதி முளைத்தபடி நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் முரசு மூன்றாம் தரமும் வீங்கிவிட்டது. அன்ரிபயோட்டிக் போட வற்றும், பிறகும் வரும். டொக்டர் ஒப்பரேஷன் என்கிறார். நரம்பு வெட்டுப்பட்டால் வாய் கோணிவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் வெருட்டுகிறார்கள். கராம்புத் தைலமே போதும் என்கிறா அம்மம்மா.
– வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் அந்தக் கோணல் கதையை முடிப்போம். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. ஞானப்பல்லின் வேருக்குக் கீழே ஓடுவது கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுப்பது. அது நசிந்தால் உதடு விறைப்பூசி போட்டதுபோல மரத்துக் கிடக்கும். நாக்குப் பக்கத்து நரம்புக்கும் அப்படித்தான். பெரும்பாலும் சில கிழமைகளில், மாதங்களில் உணர்ச்சி திரும்பும். அரிதாகச் சிலருக்குத் திரும்பாமலே விடுவதும் உண்டு, மறைக்க மாட்டேன். அதற்குத்தான் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. வேருக்கும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துக்கு வீக்கம் வற்றும், பல் நகராது. அதை மூடிய முரசுக்குள் சோறும் மீனும் போய் அடையும், பிரஷ் போகாது. உபத்திரவமில்லாத ஞானப்பல்லை நான் தொடுவதில்லை. பிரித்தானியாவில் வைத்திய வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே சொன்னதும் இதுதான்: முதல் வீக்கம் கடுமையில்லாவிட்டால் பொறுக்கலாம், இரண்டாவது வந்தால் எடுக்கலாம். உங்களுக்கு மூன்று!

கராம்புத் தைலத்தை அப்படியே வைத்தால் முரசு வெந்துவிடும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொசுங்கி வந்த எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். பாதிப்பேருக்கு வைத்தியர் அம்மம்மாதான்.

வீக்கம் வற்றிய பிறகே எடுப்பார்கள். முரசைக் கீறி, தேவைப்பட்டால் எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தைப்பார்கள். அமத்துவது தெரியும், வலிக்கக் கூடாது. வலித்தால் கையை உயர்த்துங்கள். முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம். மறுநாள் முதல் உப்புத் தண்ணீர், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கிற சூடு போதும். புட்டு வேண்டாம், உதிர்ந்து குழிக்குள் போகும். குழைத்த சோறு சாப்பிடுங்கள். தம்பிலியை ஸ்ட்ரோவால் உறிஞ்சவும் கூடாது, சிகரெட்டும் கூடாது. குழியை மூடி உறைந்த இரத்தக் கட்டி கழன்றால் மூன்றாம் நாள் போல வலி காதுவரை ஏறும். அப்போது பனடோலை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்காமல் திரும்பிப் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.

நிலாவெளியில் சீசன் தொடங்க முதல் ஒரு கிழமை லீவு கேளுங்கள். அதற்கிடையில் வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டு, காய்ச்சலும் வந்தால் லீவைப் பார்க்க வேண்டாம். அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.