சொந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாதக் கடைசி இடிக்கிறது

கேள்வி: ஐயா, கோத்தகிரியில் இருக்கிறோம். எனக்குப் பள்ளி ஒன்றில் கணக்கர் வேலை, கையில் வருவது 34,000. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், 18,000. அம்மா எங்களோடு இருக்கிறார். மகள் நாலாம் வகுப்பு. அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் தேயிலை உண்டு. நல்ல மாதத்தில் செலவு போக 4,000 நிற்கும், தை மாசியில் 500கூடத் தேறாது. 9,000 வாடகையில் இருந்தோம். சித்திரையில் 25 லட்சம் கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்கு வந்தோம். 20 வருடம், 8.5 சதவீதம், மாறும் வட்டி, தவணை 21,700. பத்திரச் செலவுக்கு நகையை வைத்து 1,20,000 வாங்கியிருக்கிறோம். பைக் தவணை 3,400 இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கரடி வருகிறதென்று கேட், கிரில், அப்புறம் தண்ணீர்த் தொட்டி என்று கிரெடிட் கார்டில் தேய்த்தது 38,000 நிற்கிறது. குறைந்தபட்சத் தொகைதான் கட்ட முடிகிறது. வங்கியில் 1,50,000 டெபாசிட் இருக்கிறது. அதை வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா, சமையலறைக்கு அலமாரி போடலாமா? சமையலறைக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர் இருக்கிறது. ஆடி மழையில் அந்தப் பக்கம் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. பெயிண்ட் அடித்தால் போதுமா? மாதச் செலவுக் கணக்கைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

பதில்: பெயிண்ட் வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தடுப்புச்சுவர்தான் உங்கள் பட்ஜெட்டின் முதல் வரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அடுத்த மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தடுப்புச்சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். மழை விட்ட பிறகும் அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் நல்லது. மேட்டில் இறங்கிய தண்ணீர் வெளியேறுகிறது என்று அர்த்தம். துளைகள் காய்ந்து கிடக்க, சுவரின் முகம் மட்டும் வியர்த்த மாதிரி நனைந்திருந்தால் துளைகள் மண்ணும் வேரும் அடைத்து மூடியிருக்கின்றன. தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நின்று அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவரடியில் இருக்கும் கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பாருங்கள். வீட்டுப் பக்கம் சரிந்தால் உங்கள் ஓதம் அங்கிருந்துதான் வருகிறது. சுவர் எங்காவது வயிறு தள்ளியிருந்தாலோ, நீளமான விரிசல் தெரிந்தாலோ மேஸ்திரியிடம் விடாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூடலூர்ப் பக்கத்துக்கு ஆனி ஆடியில் பெய்வதுதான் பெருமழை. உங்களுக்கும் குன்னூருக்கும் அது ஐப்பசி கார்த்திகையில். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை உங்கள் அம்மா மறந்திருக்க மாட்டார். ஆடி மழைக்கே ஓதம் ஏறிய சுவர் ஐப்பசியை எப்படித் தாங்கும் என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. குன்னூரில் நாங்கள் சொந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் கூடத்துக்கு சோபா வாங்கினோம், பின்பக்கக் கால்வாயைத் தூர்வாரவில்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி மூட்டையைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம். காலையில் பார்த்தால் பத்தடி நீளத்துக்குச் சுவர் கொல்லையில் கிடந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையில் பணமில்லாமல் இரண்டு வட்டிக்கு வாங்கிச் சுவர் எழுப்பினேன். வருடத்துக்கு 24 சதவீதம். அந்தக் கடன் அடைய மூன்று வருடம் ஆனது. அந்த நிலைமை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

சரி, இப்போது டெபாசிட். அதிலிருந்து 38,000 எடுத்து கிரெடிட் கார்டை இந்த வாரமே முழுதாகக் கட்டுங்கள். கார்டு வட்டி பொதுவாக மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 38,000-க்கு மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் போகிறது. 7 சதவீதம் என்று வைத்தால் உங்கள் ஒன்றரை லட்சம் முழுவதும் சேர்ந்து மாதம் சம்பாதிப்பது 875. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மீதி 1,12,000. வீட்டுக் கடனில் கட்டும் ஆசை எனக்குப் புரிகிறது. முதல் தவணை 21,700-ல் ஏறக்குறைய 17,700 வட்டிக்கே போயிருக்கும், அசலில் கழிந்தது 4,000 அளவுக்குத்தான். அதைப் பார்க்கிற யாருக்கும் வயிறு எரியும். இப்போது 50,000 கூடுதலாகக் கட்டினால் கடைசியில் ஏறத்தாழ ஒரு வருடத் தவணையே குறைந்துவிடும் என்பதும் உண்மை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போடவும் கூடாது. ஆனாலும் இந்த வருடம் வேண்டாம். கடனில் போட்ட பணத்தை மழை நாளில் திருப்பிக் கேட்க முடியாது.

நகையை மீட்கலாமே என்று மனைவி கேட்பார். நகைக் கடனுக்கு 9 சதவீதம், டெபாசிட்டுக்கு 7. வித்தியாசம் 1,12,000-க்கு வருடத்துக்கு 2,240 ரூபாய். கோத்தகிரியில் தடுப்புச்சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் குடும்பம், மழைக்காலத்தில் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ள அந்த 2,240-ஐக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. மார்கழி பிறந்த பிறகு நகையைப் பற்றிப் பேசலாம். அந்த 1,12,000-ல் 30,000 வரை இப்போதே சுவருக்கு ஒதுக்குங்கள். துளைகளைத் திறக்க, கால்வாயைத் தூர்வாரிச் சரிவு மாற்ற, கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டு மேட்டிலிருந்து விலக்கிவிட. பொறியாளர் அதற்கு மேல் கேட்டால் மீதியிலிருந்து எடுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது.

உங்கள் தாளுக்கு வருகிறேன். தவணை 21,700, பைக் 3,400, நகை வட்டி 900, அம்மாவுக்கு மருந்து 2,200, மளிகை காய்கறி பால் 9,500, காஸ் 1,000, பெட்ரோல் பஸ் 2,500, போன் இணையம் 1,300. இதோடு பள்ளிக் கட்டணம் 36,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து 3,000, இரண்டு மாதத்துக்கு வந்த மின்கட்டணம் 2,600-ஐ வகுத்து 1,300. மொத்தம் 46,800. சம்பளம் 52,000-ல் 5,200 மிஞ்ச வேண்டும். அது மிஞ்சாததற்குக் காரணம் ஊதாரித்தனம் இல்லை. உங்கள் தாளில் வீட்டின் பெயரில் தவணையைத் தவிர வேறு எந்தச் செலவும் எழுதவில்லை. வாடகை வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டீர்கள். இப்போது வீட்டுக்காரர் நீங்கள்.

வீட்டுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். சம்பளம் விழுந்த மறுநாளே அதில் 3,500 தானாகப் போகட்டும். எனக்கு எப்படி இந்தத் தொகை வந்தது என்றால், கட்டட மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு என்பது பொதுவான கணக்கு. மலையில் ஈரமும் பூஞ்சையும் துருவும் சேர்வதால் நான் ஒன்றரை சதவீதம் வைப்பேன். உங்கள் கட்டடம் மட்டும் 22 லட்சம் பெறும் என்று வைத்தால் வருடத்துக்கு 33,000, மாதம் 2,750. மேலே இருக்கிற 750 சொத்து வரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் இரண்டாம் அரையாண்டு வரியை அக்டோபர் 31-க்குள் கட்டுங்கள், 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வரி ரசீதும் மின் இணைப்பும் பட்டாவும் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

காப்பீடு விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தீ, வெள்ளம், புயலோடு நிலச்சரிவும் அதில் அடங்கும். நிலத்தின் விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுத்தால் போதும். வளாகத்துக்குள் இருக்கும் தடுப்புச்சுவரையும் விண்ணப்பத்தில் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். வங்கி ஏற்கெனவே ஏதாவது பாலிசி போட்டிருக்கிறதா, அது வீட்டுக்கா உங்கள் உயிருக்கா என்று கடன் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். உயிருக்கு இல்லையென்றால் உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, கட்டாயம் வேண்டும். 34,000 நின்றுபோனால் 18,000-ல் 21,700 தவணையைக் கட்ட முடியாது. அதற்கு மாதம் 1,000 ஒதுக்குங்கள்.

ஆக, அந்த 5,200-ல் இந்த 3,500-ம் 1,000-ம் போகக் கையில் நிற்பது 700. குறைவுதான். பைக் தவணை முடியும் வரை இந்த எட்டு மாதம் இறுக்கமாகத்தான் போகும். ஆனால் மளிகையில் கை வைக்காதீர்கள். நாலு பேருக்கு 9,500 அதிகமில்லை. வளரும் பிள்ளையின் பாலையும் முட்டையையும் குறைத்து வீடு காப்பாற்ற வேண்டாம்.

மின்சாரத்தில் கை வைக்கலாம். 2,600 வந்திருக்கிறது என்றால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் கூடாது, 100-லிருந்து 200 வரைக்கும் இருந்த குறைந்த கட்டணமும் போய்விடும். இரண்டாயிரம் வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் இழுக்கும். ராத்திரி இரண்டு மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 240. அதைப் பாதியாக்கினாலே கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் அளவுக்குக் குறையும். அம்மாவின் அறையில் மட்டும் படுக்கப் போகும்முன் ஒரு மணி நேரம் போடுங்கள். பூஞ்சை பிடித்த சுவர் காய்ந்தாலே வீட்டுக்குள் குளிர் கொஞ்சம் மட்டுப்படும்.

தேயிலைப் பணத்தை மாத வருமானமாக எண்ணாதீர்கள். கொழுந்து விலை உங்கள் கையில் இல்லை. அந்தப் பணம் தனியாக நிற்கட்டும். புரட்டாசி ஐப்பசிக் கொழுந்தில் வருவது தீபாவளிக்கும் மொய்க்கும். பங்குனிக்குப் பிறகு வருவது நகைக் கடன் அசலுக்கு. பைக் முடியும் நேரமும் நகைக் கடன் வருடம் திரும்பும் நேரமும் ஒட்டியே வருகின்றன. அப்போது டெபாசிட்டில் தொடாமல் நிற்பதையும் பார்த்து, நகைக் கடன் அசலில் 40,000 குறைத்து மீதிக்கு நகையைத் திருப்பி வைக்க முடிந்தால் நன்றாக வந்திருக்கிறீர்கள். அதன்பிறகு அந்த 3,400 மாதாமாதம் நகைக்கே போகட்டும். வட்டி விகிதம் கால் சதவீதம் ஏறினாலும் தவணை 400 ரூபாய் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். வங்கி தவணையைக் கூட்டாமல் மாதங்களை நீட்டியிருந்தால் குறுஞ்செய்தியோடு விட்டுவிடாமல் நேரில் கேளுங்கள்.

வருமான வரியில் வீட்டுக் கடனுக்குச் சலுகை உண்டா என்று யாராவது குழப்பினால் கவலைப்பட வேண்டாம். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் வரியே வராது.

அலமாரிக்கு அளவெடுக்க வருகிறவரை அடுத்த சித்திரைக்குப் பிறகு கூப்பிடுங்கள். அதற்குள் ஒரு ஐப்பசி மழை போயிருக்கும், பின்சுவர் காய்ந்திருக்கிறதா என்று தெரிந்திருக்கும். ஓதம் இருக்கும் சுவரில் பிளைவுட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். முதலில் துளைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.